என்னை வாத்து என்று கூப்பிட்டவர்

இங்கிலாந்தில், நாட்டிங்ஹாம் மருத்துவமனை ஒன்றில் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது நாள். எண்பது வயதைத் தாண்டிய ஒருவருக்கு இரத்த அழுத்தம் பார்க்கப் போனேன். தலையணையில் சாய்ந்திருந்தவர் என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, "ஏ அப், மீ டக்" என்றார். முதல் பாதி புரியவில்லை; அது இந்த ஊர் வணக்கம் என்று பிறகுதான் அறிந்தேன். பின்பாதி புரிந்தது. டக் என்றால் வாத்து. எங்கள் ஊரில் ஒருவரை வாத்து என்று ஆரம்பித்தால் அடுத்து வருவது மடையன்தான்.

ஒன்றும் பேசாமல் அவர் கையில் பட்டையைச் சுற்றி, அளவைக் குறித்துக்கொண்டு வந்துவிட்டேன். மதியம் சாப்பாட்டு வண்டி தள்ளிக்கொண்டு வந்த பெண் பெரிய டாக்டரையே 'டக்' என்றார். டாக்டர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. சாயங்காலம் பஸ்ஸில் டிரைவர், மீசை நரைத்த ஓர் ஆணுக்குச் சீட்டு கொடுத்தபடி 'தேங்க் யூ, டக்' என்றார். நாட்டிங்ஹாம், டெர்பி, மேற்கே ஸ்டோக் வரை இப்படித்தான் என்று பிறகு தெரிந்தது. ஆண், பெண், வயது, தகுதி எதுவும் பார்ப்பதில்லை. வடக்கே நியூகாசில் பக்கம் போனால் அதே இடத்தில் 'பெட்' வரும், செல்லப் பிராணி. ஸ்காட்லாந்தில் பெண்களுக்கு 'ஹென்', பெட்டைக்கோழி.

அன்று ராத்திரி அம்மா போன் செய்தாள். "மக்களே, சாப்பிட்டியா?" என்றுதான் எப்போதும் தொடங்குவாள். நான் குமரி மாவட்டத்துக்காரி. அங்கே ஒரே ஒரு பிள்ளையைக்கூட மக்களே, மக்கா என்றுதான் கூப்பிடுவோம். சென்னையில் நர்சிங் படித்தபோது விடுதித் தோழி ஒருத்தி, ஸ்பீக்கரில் அம்மா குரலைக் கேட்டுவிட்டு, "உங்க அம்மா யாரையெல்லாம் கூப்பிடறாங்க?" என்று கேட்டாள். என்னை மட்டும்தான் என்று சொன்னபோது அவளுக்கு நம்ப முடியவில்லை. அந்த நினைவு வந்தபிறகுதான் காலையில் அந்தப் பெரியவருக்கு நான் பதில் சொல்லாமல் வந்தது உறுத்தியது. மறுநாள் முதல் வேலையாக அவரிடம் போய் வணக்கம் சொன்னேன்.

அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். (அவர் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) அன்றிலிருந்து, ஆளைக் குறிக்க இவர்கள் சொல்லும் சொற்களைக் குறித்து வைக்கும் பழக்கம் வந்தது. அகராதியைத் திறந்தால் கய், ப்ளோக், சேப், ஃபெல்லோ, டூட் எல்லாவற்றுக்கும் 'ஆள், மனிதன்' என்றே போட்டிருக்கும். ஆள், பய, மனுஷன், அவரு, அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் ஆண் என்று பொருள் எழுதினால் எப்படி இருக்கும்? தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த அகராதியை நம்பி ஒரு வெளியூர்க்காரர் திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி, டீக்கடைக்காரரை 'ஏலே' என்று கூப்பிட்டால் என்ன ஆகும்?

எங்கள் வார்டில் ஒரே நோயாளியைக் காலையிலிருந்து ராத்திரிக்குள் நாலு சொல்லால் குறிப்பிடுவார்கள். குறிப்பேட்டிலும் டாக்டர்கள் பேச்சிலும் அவர் 'ஜென்டில்மேன்'. 'எழுபத்தெட்டு வயது ஜென்டில்மேன், நெஞ்சு வலி' என்றே விவரம் தொடங்கும். பணம் கொடுத்துப் படிக்கும் பள்ளியில் படித்து வந்த மூத்த மருத்துவர் ஒருவருக்கு மட்டும் அதே ஆள் 'சேப்'. கட்டில் தள்ளும் ஊழியருக்கு 'ப்ளோக்'. பக்கத்துக் கட்டில்காரருக்கு, வயது எழுபத்தெட்டே ஆனாலும், 'லாட்', அதாவது பையன். கூடச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் அவர். சொல்கிறவர் எந்த வீட்டில் வளர்ந்தவர், எந்த வேலைக்குப் போனவர் என்பதுதான் இதில் அதிகம் தெரிகிறது. குறிப்பிடப்படும் ஆளைப் பற்றிக் கிடைக்கும் தகவல் குறைவு.

சேப் என்பதில் எனக்குப் பிடித்தது அதன் பிறப்பு. பழைய ஆங்கிலத்தில் வியாபாரத்துக்கு ஒரு சொல் உண்டு. அதிலிருந்து வந்ததுதான் மலிவைக் குறிக்கும் 'சீப்'. லண்டனில் சந்தை நடந்த சீப்சைட் தெருவும் அதே வேர். தெருத்தெருவாகச் சாமான் விற்றவர் 'சேப்மேன்'. அதன் வால் அறுந்து சேப் ஆகி, வாடிக்கையாளரைக் குறித்து, பிறகு வெறும் ஆளைக் குறித்தது. தலைச்சுமை வியாபாரியின் பெயர் எப்படியோ ஏறி ஏறி, இன்று மேட்டுக்குடி வாயில் உட்கார்ந்திருக்கிறது. ப்ளோக் எங்கிருந்து வந்தது என்று அறிஞர்களுக்குள் முடிவே இல்லை.

கய் கதைக்கு இந்த ஊரில் ஒரு நாளே இருக்கிறது. 1605 நவம்பர் 5. லண்டன் நாடாளுமன்றத்தின் அடியில் 36 பீப்பாய் வெடிமருந்தோடு ஒருவர் பிடிபட்டார். மன்னர் ஜேம்ஸையும் சபையையும் சேர்த்துத் தகர்க்கத் திட்டமிட்ட கத்தோலிக்கக் குழுவில் ஒருவர். பெயர் கய் ஃபாக்ஸ். ஆண்டுதோறும் அந்த நாளில் தீ மூட்டுவது வழக்கமாகி, அவர் உருவத்தைத் துணியும் வைக்கோலும் திணித்துச் செய்து எரித்தார்கள். பிள்ளைகள் அந்தப் பொம்மையை வண்டியில் வைத்துத் தெருவில் தள்ளி, 'கய்க்கு ஒரு பென்னி' என்று காசு கேட்பார்கள். அந்தப் பொம்மைக்கே கய் என்று பெயர். பிறகு கந்தல் கோலத்தில் அலைகிறவர் கய் ஆனார். அட்லாண்டிக் தாண்டி அமெரிக்கா போனபோது கோலமும் கேலியும் கழன்று, யாரோ ஓர் ஆள் என்று மட்டும் மிஞ்சியது. அங்கிருந்து இப்போது உலகம் முழுக்கத் திரும்பி வந்திருக்கிறது.

இதை முதலில் படித்தபோது நம் செய்தித்தாள் சொல்தான் எனக்குள் வந்தது: கொடும்பாவி. மழை பொய்த்த ஆண்டில் ஊர் சேர்ந்து கட்டி இழுத்த உருவம், இன்று கட்சிக்காரர்கள் சாலை நடுவில் எரிக்கும் உருவம். கய் என்றால் முதலில் கொடும்பாவிதான். 'ரைட், கய்ஸ்' என்று தலைமை நர்ஸ் காலை ஏழு மணிக்கு எங்களைக் கூப்பிடும்போது, அங்கே நிற்கிற ஒன்பது பேரும் பெண்கள்.

பெண்களை ஆண் சொல்லால் அழைப்பது சரியா என்ற விவாதம் இங்கே நடக்கிறது. கூடாது என்பவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 'ஒரு கய் வந்தான்' என்றால் அது எப்போதும் ஆண்தான். பன்மையில் கூப்பிடும்போது மட்டும்தான் பெண்ணுக்கும் இடம். ஆனால் எனக்கு அது உறுத்தாததற்குக் காரணம் தமிழ். விடுதியில் நாங்கள் ஒருத்தியை ஒருத்தி 'என்னப்பா, வாப்பா' என்றுதான் பேசினோம். அந்த 'அப்பா'வில் யாருடைய அப்பாவும் இல்லை. என் மகளைக் கொஞ்சும்போது 'வாடா கண்ணா' என்றுதான் வாயில் வருகிறது. 'டா' ஆணுக்குரியது என்று இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லலாம். பாசம் மிகுந்த நேரத்தில் 'டி' போதாமல் போய்விடுகிறது. ஏன் பெண் சொல் ஆணுக்குப் போவதில்லை என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. ஓர் ஆண்பிள்ளையை 'டி' போட்டுக் கூப்பிடுவது கேலிக்குத்தான். இரண்டு மொழியும் இந்த இடத்தில் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன.

டூட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் வளரும் என் அக்கா மகன், கோடை விடுமுறைக்கு வந்தபோது, கொதிக்கும் பாத்திரத்தைத் தொடப்போன தன் அம்மாவைப் பார்த்து 'டூட்!' என்று கத்தினான். அக்காவுக்குக் கோபம். 1880-களில் நியூயார்க்கில் அந்தச் சொல் பிறந்தபோது அது பகட்டாக உடுத்தித் திரியும் மைனரைக் கிண்டல் செய்தது. இன்று அதில் ஆளே இல்லை. ஸ்காட் கீஸ்லிங் என்ற மொழியியலாளர் 2004-இல் இந்த ஒரு சொல்லுக்காகவே ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். 'நாம் ஒன்று, ஆனால் ரொம்ப நெருங்கவும் இல்லை' என்ற நிலையைத்தான் இளைஞர்கள் டூட் மூலம் சொல்கிறார்கள் என்பது அவர் கண்டது. நம் மச்சி அதைவிடக் கொஞ்சம் சூடு அதிகம். மச்சான் என்றால் உறவே வந்துவிடுகிறது. இலங்கையில் சிங்களவர்களும் ஒருவரை ஒருவர் மச்சான் என்று கூப்பிடுவது தமிழிலிருந்து போன பழக்கம்.

எனக்கு மிகவும் பிடித்தது ஃபெல்லோ. காரணம், நான் அதை முதலில் கேட்டது திட்டாக. பள்ளியில் கணக்கு வாத்தியார் பையன்களைப் பார்த்து 'யூ ஃபெல்லோ, ஸ்டாண்ட் அப்' என்பார். 'அந்த ஃபெல்லோ ஏமாத்திட்டான்' என்று பெரியவர்கள் பேசுவார்கள். நம் நாட்டு ஆங்கிலத்தில் அது அப்படியே 'பய'. அதே சொல்தான் 1918-இல் ராமானுஜனுக்குக் கிடைத்த பெருமையும். அந்த ஆண்டு மே மாதம் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ, அக்டோபரில் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ. கும்பகோணத்தில் வளர்ந்தவருக்கு அங்கே உட்காரக் கொடுத்த நாற்காலிக்கும் எங்கள் வாத்தியார் எழுப்பிவிட்ட பெஞ்சுக்கும் ஒரே பெயர்.

இந்தச் சொல்லை ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகள் இங்கிலாந்துக்குக் கொண்டு வந்தார்கள். அவர்களுடைய பழைய நார்ஸ் மொழியில் 'ஃபெலகி'. 'ஃபே' என்றால் மாடு, செல்வம் இரண்டும். கூட்டுத் தொழிலில் தன் பங்குச் செல்வத்தைக் கீழே வைப்பவர் ஃபெலகி. மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள் இருப்பது நமக்கு எட்டாம் வகுப்பிலேயே தெரியும். 'மாடல்ல மற்றை யவை' என்று 400-ஆவது குறளில் மனப்பாடம் செய்திருக்கிறோம். வட கடலோரத்தில் மாடு மேய்த்தவர்களும் வள்ளுவரும் செல்வத்துக்கு ஒரே விலங்கைப் பார்த்திருக்கிறார்கள். அப்புறம், ஃபெல்லோவுக்குச் சரியான தமிழ் எது? கூட்டாளி. பங்கு போட்டுத் தொழில் செய்பவரும் கூட்டாளி, தோழனும் கூட்டாளி. இங்கே கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் நண்பரைச் சொல்லும்போது 'என்ர கூட்டாளி' என்றுதான் சொல்வார். மதுரைப் பக்கம் 'வாங்க பங்காளி' என்பதிலும் அதே கணக்கு. சொத்தைப் பிரித்துக்கொள்ளும் உரிமை உள்ளவன் என்ற சொல், நெருக்கத்தின் சொல்லாக மாறியிருக்கிறது.

தோழனைச் சொல்லும் மேட் என்பதோ சோற்றைப் பகிர்ந்தவன். இன்று இறைச்சியைச் சொல்லும் 'மீட்' பழைய ஆங்கிலத்தில் எந்த உணவையும் குறித்தது; அதோடு சேர்ந்த வேர் இது. ஆஸ்திரேலியாவில் இந்தச் சொல் கிட்டத்தட்ட தேசியக் கொடி. 2005-இல் கான்பெராவில் நாடாளுமன்றக் காவலர்கள் வருகிறவர்களை மேட் என்று அழைக்கக் கூடாது என்று ஓர் ஆணை வந்தது. அரசியல்வாதிகளே கொதித்தெழுந்து, ஒரு நாளைக்குள் ஆணை வாபஸ். ஆனால் சனிக்கிழமை ராத்திரி எங்கள் அவசரப் பிரிவில், குடித்துவிட்டு வந்த ஒருவர் இன்னொருவரைப் பார்த்து நிதானமாக, தாழ்ந்த குரலில் 'லிசன், மேட்' என்றால், நான் பாதுகாவலரைக் கூப்பிடும் மணியின் பக்கம் நகர்ந்துவிடுவேன். நம் ஊரில் 'தம்பி, கொஞ்சம் நில்லு' என்பது போலத்தான். பாசச் சொல்லை நிதானமாகச் சொன்னால் அது எச்சரிக்கை.

கிட் என்றால் ஆட்டுக்குட்டி. நாம் குழந்தையைக் குட்டி என்பதுபோல. நண்பனைச் சொல்லும் பேல் என்ற சொல்லை ஆங்கிலேயர் நாடோடி ரோமானி மக்களிடமிருந்து பெற்றார்கள். அது 'சகோதரன்', வட இந்தியாவிலிருந்து புறப்பட்டுப் போன சொல். கீசர் இங்கே குளியலறையில் இல்லை: லண்டனில் அது சும்மா ஓர் ஆள், அமெரிக்காவில் கிழவர். வேடம் போட்டு ஆடுகிறவரைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது.

இனி அந்தப் பெரியவர். அவர் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். 2015 ஜூலையில் நாட்டிங்ஹாம்ஷயரின் கடைசி ஆழ்சுரங்கமான தோர்ஸ்பி மூடப்பட்டது. அப்போது மறுபடியும் எங்கள் வார்டில் இருந்தார். தொலைக்காட்சியில் அந்தச் செய்தி ஓடியபோது சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, யார்க்ஷயரில் ஒரு தம்பி இருக்கிறான், 1984-க்குப் பிறகு பேசவில்லை என்றார்.

அந்த ஆண்டு மார்ச்சில் தொடங்கி ஓராண்டு நடந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் யார்க்ஷயர் முழுக்க வெளியே நின்றது. நாட்டிங்ஹாம்ஷயரில் பெரும்பாலோர், நாடு தழுவிய வாக்கெடுப்பு நடத்தவில்லையே என்று சொல்லி வேலைக்குப் போனார்கள். போனவர்களுக்குக் கிடைத்த பெயர் 'ஸ்காப்'. புண் ஆறும்போது மேலே கட்டும் பொருக்கு. இன்றும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் கால்பந்து அணி வெளியூர் போனால், எதிரணி ரசிகர்கள் அந்தச் சொல்லைக் கோஷமாகக் கத்துகிறார்கள். அந்த ஆண்டு பிறக்காத பையன்களும் கத்துகிறார்கள்.

தமிழில் இதற்கு நேராக ஒரு சொல் உண்டு. தொழிற்சங்கக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்: கருங்காலி. மரத்தை வெட்டும் கோடாலிக்குத் தானே காம்பாகப் போன மரம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தமிழ்ச் சொல்லில் துரோகம் இருக்கிறது, ஆங்கிலச் சொல்லில் அருவருப்பு இருக்கிறது. "தம்பி என்னிடம் கடைசியாகச் சொன்னது அந்த ஒரு சொல்தான், டக்" என்றார் பெரியவர். ஒரே மூச்சில் அந்தச் சொல்லும் இந்தச் சொல்லும். வேலைக்குப் போனது சரியா தப்பா என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? முப்பத்தோரு வருடம் ஒரு சொல் இரண்டு பேருக்கு நடுவே கிடந்ததை மட்டும் பார்த்தேன். அந்தக் குளிர்காலத்தில் அவர் போய்விட்டார்.

நான் இன்றுவரை வாயில் எடுக்காத ஒரு சொல் பாய். அகராதியில் இது எல்லாவற்றிலும் எளியது. பையன். மூன்றே எழுத்து.

என் பாட்டா, அம்மாவின் அப்பா, மலையில் ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்து பங்களாவில் சமையல் வேலை பார்த்தவர். ஐம்பது வயதுக்கு மேல்தான் மலையை விட்டு இறங்கினார். அதுவரை அவர் பெயர் பாய். "தொரைக்க மவன், எட்டு வயசுப் பய, அவனும் பாய்னுதான் விளிப்பான்" என்று சாதாரணமாகச் சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் கை வேஷ்டி நுனியைத் திருகிக்கொண்டே இருக்கும். சின்ன வயதில் எனக்கு அந்தக் கை மட்டும்தான் புரிந்தது.

அமெரிக்கத் தெற்கில் கறுப்பின ஆண்களுக்கு எத்தனை வயதானாலும் அதே பெயர்தான். 1968-இல் மெம்பிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள், இரண்டு பேர் குப்பை வண்டியில் நசுங்கிச் செத்தபிறகு, வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் பிடித்த அட்டையில் 'ஐ ஆம் எ மேன்' என்று நாலே சொல். 'நான் ஒரு மனிதன்' என்று தமிழில் எழுதினால் பாதிதான் வரும். அந்த மேன், பாய் என்ற சொல்லுக்குச் சொன்ன பதில். பையனில்லை, வளர்ந்த ஆள். அவர்களுக்கு ஆதரவாகப் போன இடத்தில்தான் ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார்.

2006-இல் இந்தச் சொல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கே போனது. அலபாமாவில் ஒரு கோழி இறைச்சி ஆலை. பதவி உயர்வு கிடைக்காத இரண்டு கறுப்பினத் தொழிலாளர்கள். அவர்களைப் பாய் என்று அழைத்த வெள்ளையின மேலாளர். முன்னால் கறுப்பு என்ற சொல் சேராமல் பாய் மட்டும் வந்தால் அது இனவெறுப்புக்குச் சாட்சி ஆகாது என்று கீழே இருந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தச் சொல் தனியாக வந்தாலே எப்போதும் தீங்கற்றது என்று கொள்ள முடியாது. சூழல், சொல்லை அழுத்தும் விதம், குரலின் தொனி, அந்த ஊர் வழக்கம், பழைய பயன்பாடு இவற்றைப் பொறுத்துப் பேசியவரின் பொருள் அமையும் என்றது. இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பாட்டாவின் விரல்களுக்கு யாரோ உரை எழுதியதுபோல இருந்தது.

ஆனால் அதோடு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டுக்குத் தேங்காய் பறிக்க ஒருவர் வருவார். பாட்டாவைவிட மூத்தவர். பாட்டா அவரை 'ஏலே' என்றுதான் கூப்பிடுவார். எட்டு வயதில் நானும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். தெருவில் மற்ற எல்லா ஆண்களும் எனக்கு மாமா, அண்ணாச்சி, பாட்டா. அவர் மட்டும் பெயர். யாரும் என்னைத் திருத்தவில்லை, ஏனென்றால் யாருக்கும் அது தப்பாகவே தெரியவில்லை. அவர் "சொல்லு மோளே" என்று பதில் சொல்வார். பங்களாவில் பட்டதை வீட்டு முற்றத்தில் பாட்டா ஏன் நினைத்துப் பார்க்கவில்லை? அவர் இருந்தால் கேட்டிருப்பேன். நெல்லையிலும் குமரியிலும் 'ஏலே' எவ்வளவு இனிமையான சொல் என்று நானே பலரிடம் வாதாடியிருக்கிறேன். சமமானவர்களுக்குள் இனிமைதான். தென்னை மரத்தடியில் நின்றவரிடம் யாரும் கேட்கவில்லை.

போன மாதம் மார்த்தாண்டத்திலிருந்து ஒரு புதுப் பெண் எங்கள் வார்டில் சேர்ந்தாள். ராத்திரிப் பணி, மணி மூன்று இருக்கும். டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "அக்கா, எல்லாரும் டக்கு டக்குன்னு விளிக்காவ, அது என்னது?" என்று கேட்டாள்.

"நம்ம மக்களே தான்" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. "அப்போ நானும் அப்பிடி விளிக்கலாமா?"

"கொஞ்ச நாள் போகட்டும். அவங்க விளிக்கட்டும், நீ கேட்டுட்டு இரு."

"நீங்க யாரையாவது விளிச்சிருக்கியளா?"

"ஒரு தடவை."

யார் என்று சொல்வேன் என அவள் காத்திருந்தாள். ஆறாம் கட்டிலில் மணி அடித்தது. டீயை வைத்துவிட்டு இரண்டு பேரும் எழுந்தோம்.